பவளத் தொட்டியில் ஒரு புழு: கொல்வதா, விடுவதா?

பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டியில், காசு கொடுத்து வாங்கிவிட்ட உயிர்களைவிடக் காசில்லாமல் வந்து குடியேறிய உயிர்களே எண்ணிக்கையில் அதிகம். ஃபிஜி, டோங்கா, இந்தோனேசியா என்று பல கரைகளிலிருந்து உலகச் சந்தைக்குப் போன ‘லைவ் ராக்’ இதற்கு முதல் வழி. பெயர்தான் பாறை. உண்மையில் அது இறந்த பவளத்தின் சுண்ணாம்புக் கூடு; உள்ளெல்லாம் பொந்தும் புரையும். கடற்பஞ்சும் பாசியும் சிறு நண்டும் ஒட்டிக்கொண்டு வரும் அந்தப் பொந்துகளில் புழுக்களும் வருகின்றன. இரண்டாவது வழி, ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்குக் கைமாறும் பவளத் துண்டு. தொட்டிக்காரர்களின் பேச்சில் அது ‘ஃபிராக்’.

பகலில் எதுவும் கண்ணில் படாது. விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பார்க்கும்போதுதான் பாறை இடுக்கிலிருந்து ஏதோ ஒன்று நீண்டு, ஒளி பட்டதும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். பார்த்தவருக்கு உடனே இரண்டு கேள்விகள் எழும். இது என்ன? இதைக் கொல்ல வேண்டுமா? பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் விடை கிடைக்கிறது. முதல் கேள்வி அப்படியே நின்றுபோகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் கொல்லவேண்டிய புழுக்களின் பட்டியல் மிகச் சிறிதாகிவிடும். அந்தப் பட்டியலில் மிஞ்சுபவை பெரும்பாலும் பயமுறுத்தும் தோற்றம் கொண்டவையும் அல்ல.

குழப்பத்துக்கு ஒரு காரணம், புழு என்பது ஒரே வகை உயிரல்ல. 1758இல் லின்னேயஸ் தம் வகைப்பாட்டில் முதுகெலும்பும் இல்லாத, பூச்சியிலும் சேராத எல்லாவற்றையும் ‘வெர்மீஸ்’ என்ற ஒரே மூட்டையில் போட்டுக் கட்டினார். நத்தை, நட்சத்திரமீன் உட்பட எல்லாம் அதற்குள் இருந்தன. பிந்தைய விலங்கியல் அந்த மூட்டையைப் பிரித்துப் பல தொகுதிகளாக்கியது. இன்று பவளத் தொட்டியில் காணப்படும் ‘புழு’, மண்புழுவின் உறவான வளைதசைப் புழுவாக இருக்கலாம், தட்டைப்புழுவாக இருக்கலாம், வளையமே இல்லாத ரிப்பன் புழுவாக இருக்கலாம், புழுவே அல்லாத நத்தையாகவும் இருக்கலாம். கடல் வளைதசைப் புழுக்களில் பெரும் பிரிவான பாலிகீட்டுகளில் மட்டும் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. ஆகவே மங்கலான ஒரு படத்தை வைத்துக்கொண்டு இனப்பெயர் சொல்லுபவரை நம்பாமலிருப்பதே நல்லது.

அதிகம் பழி சுமக்கும் புழுவிலிருந்து தொடங்குவோம். வளர்ப்போர் ‘பிரிசில் வார்ம்’ என்று சொல்லும் முடிப்புழு அது. இளஞ்சிவப்பு அல்லது சாம்பல் கலந்த ஆரஞ்சு உடல். இருபுறமும் ஒவ்வொரு வளையத்திலும் வெள்ளை முடிக் கற்றைகள். விரல் நீளம் சர்வசாதாரணம். வசதி கிடைத்தால் அதைத் தாண்டியும் வளரும். இவற்றில் பல ஆம்பினோமிடே என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்தக் குடும்பத்தின் முடிகள் சுண்ணாம்பாலானவை. தொட்ட மாத்திரத்தில் ஒடிந்து தோலில் தைத்துக்கொள்ளும். அரிப்பும் எரிச்சலும் சில மணி நேரமோ சில நாளோ நீடிக்கும். யூரித்தோ காம்பிளனாட்டா என்ற இனத்திலிருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் வீக்கத்தை உண்டாக்கும் ஒரு வேதிப்பொருளைப் பிரித்தெடுத்து, அதற்குக் காம்பிளனைன் என்று பெயரிட்டார்கள். தொட்டிக்குள் கைவிடும்போது கையுறை அணிய வேண்டும் என்பது இந்த ஒரு புழுவுக்காகவே எழுதப்பட்ட விதி என்றுகூடச் சொல்லலாம். தைத்துவிட்டால் தேய்க்கக் கூடாது. ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்தால் முடிகள் அதோடு வந்துவிடும். வீக்கம் பெரிதானால் மருத்துவரிடம் போக வேண்டியதுதான்.

குத்தும் என்பது உண்மை. கொல்லும் என்பதுதான் பொய்.

காலையில் எழுந்து பார்த்தால் மீன் செத்துக் கிடக்கிறது, அல்லது கிளாம் எனும் மட்டி வாய் பிளந்து கிடக்கிறது. மேலே ஏழெட்டு முடிப்புழுக்கள் மொய்க்கின்றன. தீர்ப்பு அங்கேயே எழுதப்படுகிறது. துக்க வீட்டுக்கு முதலில் ஓடிவந்தவரைக் கொலைகாரர் என்று பிடித்துக்கொள்வது போன்ற தீர்ப்பு இது. தொட்டிகளில் பெருகும் முடிப்புழுக்கள் பெரும்பாலும் மிச்சம்மீதி தின்பவை. மீன் தின்னாமல் விட்ட தீனி, கழிவு, செத்த உடல் ஆகியவைதான் அவற்றின் சாப்பாடு. சாவு வாடை நீரில் பரவியதும் பாறைக்கு அடியில் இருந்தவை எல்லாம் வெளியே வரும். அவை தின்றிராவிட்டால் அந்தப் பிணம் அழுகி நீரில் அம்மோனியாவை ஏற்றியிருக்கும்; மற்ற மீன்களும் போயிருக்கும். ஒரு தொட்டியில் முடிப்புழு திடீரென்று பெருகுகிறது என்றால், அங்கே தீனி அளவுக்கு மீறிப் போடப்படுகிறது என்பதுதான் பொருள். புழுவைப் பிடிக்கப் பொறி வைப்பதைவிடத் தீனியைக் குறைப்பது வேகமாக வேலை செய்யும்.

இந்தக் குடும்பத்தில் உண்மையான குற்றவாளி ஒன்று உண்டு. ஹெர்மோடைஸ் கரங்குலாட்டா என்ற தாடித் தீப்புழு. அட்லாண்டிக், கரீபியன், மத்தியதரைக் கடல் பகுதிகளில் வாழ்வது. மான்கொம்புப் பவளத்தின் கிளை நுனியை அப்படியே வாய்க்குள் விழுங்கி, சதையை மட்டும் கரைத்துத் தின்றுவிட்டு வெள்ளை எலும்புக்கூட்டை விட்டுச் செல்லும். நுனி மட்டும் வெளுத்த கிளை அதன் கையெழுத்து. 2003இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இன்னொன்றையும் காட்டினார்கள்: மத்தியதரைக் கடலில் ஆகுலினா பவளத்தை வெளுக்கச் செய்யும் விப்ரியோ பாக்டீரியா, குளிர்காலத்தில் இந்தப் புழுவின் உடலுக்குள் தங்கி, வெயில் காலத்தில் மீண்டும் பவளத்துக்குப் பரவுகிறது. ஆக இது தின்பதோடு நோயையும் சுமக்கிறது. சாதாரண முடிப்புழுவிலிருந்து இதைப் பிரித்தறிய உடல் நிறம் உதவாது. தலையின் மேல்பக்கம்தான் உதவும். ஆம்பினோமிடே குடும்பத்துக்கே உரிய சதைக் கொண்டை ஒன்று அங்கே இருக்கும். யூரித்தோவில் அது சிறிது, ஒடுங்கியது. ஹெர்மோடைஸில் அகன்று, மடிப்பு மடிப்பாக, கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். பக்கங்களில் சிவந்த செவுள் கொத்துகளும் புதராக நிற்கும். பசிபிக் பாறையோடு வந்த புழுவைப் பார்த்து இந்தப் பெயரைச் சொல்வதற்குமுன், பாறை எந்தக் கடலிலிருந்து வந்தது என்று கேட்பது பாதி வேலையை முடித்துவிடும்.

அடுத்து, செய்தித்தாள்களுக்குப் பிடித்த புழு. 2009 மார்ச்சில் இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில் நியூகீ ஊரிலுள்ள ‘புளூ ரீஃப்’ காட்சியகத்தில் பவளங்கள் துண்டு துண்டாகக் கிடந்தன, மீன்கள் காயம்பட்டன. இரை வைத்த பொறிகள் இரவோடு இரவாகப் பிய்த்தெறியப்பட்டன. கடைசியில் ஊழியர்கள் அந்தக் காட்சித் தொட்டியைப் பாறை பாறையாகக் கழற்றினார்கள். அடியில் நான்கடி நீளப் புழு ஒன்று இருந்தது. அதற்கு ‘பேரி’ என்று பெயர் வைத்துத் தனித் தொட்டிக்கு மாற்றினார்கள். குட்டியாக ஏதோ ஒரு பவளத்தோடு உள்ளே வந்து, ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் அங்கேயே வளர்ந்திருக்கிறது.

இது யூனிசிடே குடும்பத்துப் புழு. ‘பாபிட் வார்ம்’ என்று புகழ்பெற்ற யூனிஸ் அஃப்ரோடிடோயிஸ் இந்தக் குடும்பத்தின் பிரபலம். 1788இலேயே பல்லாஸ் என்ற விலங்கியலாளர் விவரித்த இனம்தான். ஆனால் 1990களில் அமெரிக்காவைக் கலக்கிய ஒரு குடும்ப வழக்கின் பெயரை 1996இல் வந்த பவளப்பாறை வழிகாட்டி நூல் ஒன்று இதற்குச் சூட்டியதும்தான் உலகப் புகழ் வந்தது. மணலுக்குள் உடலைப் புதைத்துக்கொண்டு, தாடையை மட்டும் விரித்து வைத்துக் காத்திருக்கும். மீன் உரசியதும் கண்ணிமைக்கும் நேரத்தில் உள்ளே இழுத்துவிடும். ஜப்பானின் ஷிரஹாமா அருகே ஒரு துறைமுகத்தில் மிதவைத் தெப்பத்துக்குள் வாழ்ந்த ஒன்றை 2009இல் அளந்தார்கள்: நீளம் 299 செ.மீ., எடை 433 கிராம், வளையங்கள் 673. தைவானில் இரண்டு கோடி ஆண்டுப் பழமையான பாறைகளில் இப்படிப்பட்ட புழு வாழ்ந்த வளை எனக் கருதப்படும் புதைபடிவத்தை 2021இல் அறிவித்தார்கள். இரண்டு மீட்டர் நீள வளை. மீன்களும் சும்மா இல்லை. இந்தோனேசியாவின் லெம்பே ஜலசந்தியில் ஸ்கோலாப்சிஸ் மீன்கள் கூட்டமாகக் கூடி, புழுவின் வளைக்குள் வாயால் நீரைப் பீய்ச்சியடித்து அதை உள்ளே விரட்டுவதை 2016இல் சுவிஸ் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள்.

இத்தனையும் படித்தபின் தொட்டியில் தெரியும் ஒவ்வொரு நீளப் புழுவும் பாபிட்டாகவே தோன்றும். அங்கேதான் நிதானம் வேண்டும். யூனிசிடே குடும்பத்தை அறிவது எளிது: தலையில் ஐந்து உணர்கொம்புகள், உடலில் எண்ணெய் பட்ட நீர்போல வானவில் பளபளப்பு. ஆனால் அந்தக் குடும்பத்தின் பெரும்பாலானவை சிறியவை. பாசியும் கழிவும் தின்று பாறைக்குள்ளேயே காலம் தள்ளுபவை. நார்வேக் கடலின் குளிர்ந்த ஆழத்தில் யூனிஸ் நார்விஜிகா என்ற உறவினப் புழு லோஃபீலியா பவளத்தோடு கூட்டுக் குடித்தனம் நடத்துகிறது. புழு கட்டும் குழாயைச் சுற்றிப் பவளம் சுண்ணாம்பு பூசுகிறது. அதனால் பவளத்திட்டு இன்னும் உறுதியாகிறது. தலையில் ஐந்து கொம்பு என்பது எச்சரிக்கைக்குப் போதும். மரண தண்டனைக்குப் போதாது. பவளம் வெட்டுப்படுகிறது, மீன் காணாமல் போகிறது, புழு விரல் தடிமனைத் தாண்டுகிறது என்ற மூன்றும் சேர்ந்தால் அந்தப் பாறையை வெளியே எடுக்கலாம். புழுவை வெறும் கையால் பிடித்து இழுத்தால் அறுந்துபோகும். உள்ளே தங்கிய பகுதி மீண்டும் வளரவும் கூடும்.

குழாய் கட்டி வாழ்பவற்றைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. சேபெல்லிடே குடும்பத்து விசிறிப்புழு தோல் போன்ற குழாயிலும், செர்புலிடே குடும்பத்தது சுண்ணாம்புக் குழாயிலும் இருந்துகொண்டு, இறகு விசிறியை விரித்து நீரிலுள்ள நுண்துகளை வடிகட்டித் தின்னும். பயந்தால் விசிறி உள்ளே போய்விடும். கடுமையாக அவதிப்பட்டால் விசிறியையே உதிர்த்துவிட்டுப் பிறகு புதிதாக வளர்த்துக்கொள்ளும். கண்ணாடியில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தாற்போல இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெள்ளைச் சுருள்கள் நூற்றுக்கணக்கில் தோன்றினால், அவை ஸ்பைரோர்பிட்கள். பம்பின் வாயை அடைப்பதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. பாறை இடுக்கிலிருந்து ஒளி ஊடுருவும் வெள்ளை நூல்கள் நாலாபக்கமும் நீண்டு துகள்களைப் பொறுக்கினால், அது ‘ஸ்பெகெட்டி வார்ம்’ என்ற டெரிபெல்லிட். மணலிலிருந்து சிவந்த மயிரிழைகள் நெளிந்தால் சிர்ராட்டுலிட். உடலின் முன்பகுதியைத் தும்பிக்கை போல நீட்டிப் பாறையைத் தடவிவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டால் சிப்பன்குலா என்ற நிலக்கடலைப் புழு. எல்லாம் துப்புரவுப் பணியாளர்கள். போரைட்டிஸ் பவளத்தில் நீலமும் மஞ்சளுமாக ஜோடி ஜோடியாக நிற்கும் கிறிஸ்துமஸ் மரப் புழுவை யாரும் கொல்ல நினைப்பதில்லை. அழகுக்கு அந்தச் சலுகை உண்டு. ஆஸ்திரேலியாவில் முட்கிரீட நட்சத்திரமீன் தாக்கும்போது இந்தப் புழுக்களைச் சுற்றியுள்ள பவளப் பாலிப்கள் தப்பிப் பிழைத்ததை ஆய்வாளர்கள் 1986இலேயே எழுதியிருக்கிறார்கள்.

குழாய்களுக்குள் ஒரு வேடதாரி இருக்கிறது. கெட்டியான சுண்ணாம்புக் குழாய், வாயில் விசிறி எதுவும் இல்லை, அதற்குப் பதில் சிலந்தி நூல்போல ஒரு சளி வலை நீரோட்டத்தில் மிதக்கிறது என்றால், அது புழு அல்ல. வெர்மெட்டிட் என்ற நத்தை. குட்டியில் சுருண்ட ஓடு. வளர வளர சுருள் குலைந்து, பாறையில் ஒட்டிய கோணல் குழாயாகிவிடும். வலையில் சிக்கியதை வலையோடு இழுத்து விழுங்கும். பக்கத்திலுள்ள பவளத்தின் மேல் அந்தச் சளி நாள்தோறும் படிந்தால் பவளம் விரியாது. பிரெஞ்சு பாலினீசியாவின் மூரியா தீவில் நடந்து 2010இல் வெளிவந்த ஆய்வு, வெர்மெட்டிட் இருக்குமிடத்தில் பவளக்கூட்டின் வளர்ச்சி 81 விழுக்காடு வரையும், பவளம் பிழைத்திருக்கும் வாய்ப்பு 52 விழுக்காடு வரையும் குறைந்ததாகக் கணக்கிட்டது. பாவப்பட்ட விசிறிப்புழு என்று எண்ணிப் பலரும் வளரவிடுவது இதைத்தான். ஒன்றிரண்டு இருக்கும்போதே குழாயை உடைத்து, மிஞ்சிய வாயைப் பசையால் அடைத்துவிட வேண்டும். நூறானபின் எதுவும் செய்ய முடியாது.

இனி தட்டைப்புழுக்கள். கொல்வதா, விடுவதா என்ற கேள்வியின் கனமான பகுதி இங்கேதான் இருக்கிறது.

தொட்டிக்காரர்கள் ‘ரெட் பிளனேரியா’ என்று சொல்வது துரு நிறத்தில் நான்கைந்து மில்லிமீட்டர் நீளமுள்ளது. பின்முனை மூன்று மடல்களாகப் பிரிந்திருக்கும். ஆயிரக்கணக்கில் பெருகிப் பாறையையும் பவளத்தையும் போர்த்திவிடும். பெயரில் பிளனேரியா இருந்தாலும் அது உண்மைத் தட்டைப்புழு அல்ல. ஏசோல் என்ற தனிக் கூட்டத்தைச் சேர்ந்த கான்வல்யூட்ரிலோபா. ஏசோல்கள் தட்டைப்புழுக்களோடு சேர்த்தி இல்லை என்பதை மரபணு ஒப்பீடு 1999இல் காட்டியது. பவளத்தை இது தின்பதில்லை. உடலுக்குள் பச்சைப் பாசியை வைத்துக்கொண்டு விளக்கொளியில் உணவு தேடிக்கொள்கிறது. நகரும் சிற்றுயிர்களையும் பிடித்துத் தின்கிறது. கெடுதல் என்னவென்றால், பவளத்துக்குப் போகவேண்டிய வெளிச்சத்தை மறைப்பதுதான். பெருகும் விதமோ விசித்திரம்: ரெட்ரோஜெம்மா என்ற இனத்தில் குட்டி பின்முனையிலிருந்து தலைகீழாக முளைத்துக் கழன்றுவிடும். 2007இல் பெயரிடப்பட்ட மாக்ரோபைகா என்ற இனம் கடலில் கண்டெடுக்கப்பட்டதல்ல. வெப்பமண்டலக் கடல்நீர்த் தொட்டிகளில்தான் முதலில் கிடைத்தது.

இவற்றைக் கொல்வதில்தான் பலர் தொட்டியையே இழக்கிறார்கள். மருந்து விட்டதும் ஆயிரக்கணக்கான ஏசோல்கள் ஒரே நேரத்தில் சாகும். அவற்றின் உடலிலுள்ள நச்சு நீரில் கலந்து மீன்கள் மூச்சுத் திணறும். அதனால் முதலில் மெல்லிய குழாயால் உறிஞ்சி எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். நச்சை உறிஞ்சும் நல்ல கார்பனையும், மாற்றுவதற்குத் தயாராகக் கலந்து வைத்த கடல்நீரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டபின்பே மருந்தைத் தொட வேண்டும். செலிடோனூரா வாரியன்ஸ் என்ற கருநீலக் கடல் நத்தை ஏசோல்களை விரும்பித் தின்னும் என்பது உண்மை. ஆனால் அதற்கு வேறு உணவு கிடையாது. ஏசோல் தீர்ந்ததும் பட்டினியில் சாகும். வாங்குபவரிடம் இதைச் சொல்லி யாரும் விற்பதில்லை.

பவளத்தையே தின்னும் தட்டைப்புழு வேறு. அக்ரோபோரா பவளங்களை மட்டும் நாடும் அந்தப் புழு வளர்ப்போரை ஆண்டுக்கணக்கில் ஆட்டிப்படைத்தும், அறிவியலில் அதற்குப் பெயரே இல்லாமலிருந்தது. 2011இல் ராலின்சனும் சக ஆய்வாளர்களும் தொட்டிகளிலிருந்து எடுத்த மாதிரிகளைக் கொண்டு அமாகுசாபிளானா அக்ரோபோரே என்று அதற்குப் பெயரிட்டார்கள். கடலில் அது எங்கே வாழ்கிறது என்று அப்போது தெரியாது. அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டில் லிஸர்ட் தீவில் அதைக் கண்டுபிடித்தார்கள். பின்னர் பேரினப் பெயர் மாறி, இப்போது புராஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே. வீட்டுத் தொட்டியில் முதலில் தொல்லையாகி, பிறகு ஆய்வகத்தில் பெயர் பெற்று, கடைசியில் கடலில் கண்டறியப்பட்ட உயிர் இது. பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாத பங்களிப்பு.

இதைக் கண்ணால் தேடினால் கிடைக்காது. ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள ஒளி ஊடுருவும் உடல். தின்ற பவளத்தின் நிறமிகளும் பாசியும் குடலில் தங்குவதால் பவளத்தின் நிறமே புழுவுக்கும் வந்துவிடுகிறது. தேடவேண்டியது புழுவை அல்ல, தடயங்களை. பவளத்தின் நிறம் காரணமில்லாமல் மங்கும். கிளையில் மில்லிமீட்டர் அகல வெளிறிய வட்டப் புள்ளிகள் வரிசையாகத் தெரியும். கிளையின் அடியில், சதை போன வெறும் சுண்ணாம்பின் மேல், பழுப்பு நிற முட்டைக் கூடுகள் சின்னத் திட்டுகளாக ஒட்டியிருக்கும். சந்தேகம் வந்தால் பவளத்தைத் தனிப் பாத்திரத்தில் வைத்து, ரப்பர் குமிழ்ப் பீச்சியால் நீரைப் பலமாக அடித்துப் பார்க்க வேண்டும். புழு இருந்தால் உதிர்ந்து பாத்திரத்தின் அடியில் நெளியும்.

அயோடின் போன்ற கரைசல்களில் பவளத்தை முக்கி எடுப்பது வளர்ந்த புழுவை உதிர்க்கும். முட்டையை ஒன்றும் செய்யாது. ஒரு முறை முக்கிவிட்டு நிம்மதியாக இருந்தவர்கள் சில வாரங்களில் மீண்டும் அதே புள்ளிகளைப் பார்ப்பதற்குக் காரணம் அதுதான். ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதன் வாழ்க்கைச் சுழற்சியைக் கணக்கிட்டார்கள். நீர் சூடாக இருந்தால் எல்லாம் வேகமாக நடக்கும். 27 டிகிரி செல்சியஸில் முட்டையிலிருந்து மறு முட்டைக்கு ஐந்தாறு வாரங்களே போதும். அவர்களே இயற்கை எதிரிகளையும் சோதித்தார்கள். ஆறுகோட்டு ராஸ் மீன் புழுவைத் தின்றது. லிஸ்மாட்டா விட்டாட்டா என்ற சிறு இறால் புழுவோடு முட்டைக் கூடுகளையும் தின்றது. கூடு ஒட்டிய வெற்றுச் சுண்ணாம்பை வெட்டி எறிவதும், மீதித் துண்டை வாரம் ஒருமுறை முக்குவதும், இறாலைக் காவலுக்கு விடுவதும் சேர்ந்தால்தான் வெற்றி. நான்கடி பேரியைப் பற்றி ஊரே பேசியது. ஆனால் பவளப் பண்ணைகளுக்கும் தொட்டிகளுக்கும் உண்மையான இழப்பைக் கொண்டுவந்தது, படமெடுத்தால்கூடத் தெரியாத இந்த ஒரு சென்டிமீட்டர்தான்.

கிளாம் வளர்ப்போருக்குத் தனியாக இரண்டு எச்சரிக்கைகள். சாலமன் தீவுகளின் மட்டிப் பண்ணைகளில் குஞ்சு ராட்சத மட்டிகளைத் தின்ற தட்டைப்புழுவுக்கு 1993இல் ஸ்டைலோகஸ் மட்டாட்டாசி என்று பெயரிட்டார்கள். கட்டைவிரல் அகல இலைபோல ஓட்டுக்குள் நுழைந்துவிடும். மற்றொன்று ஓனோன் ஃபுல்கிடா என்ற ஆரஞ்சு நிற நீளப் புழு; முடி வெளியே துருத்தாத வழவழப்பான உடல். நத்தையையும் மட்டியையும் சளியால் போர்த்திக்கொண்டு தின்னும். இரண்டுக்கும் இரவுக் கண்காணிப்பே வழி.

ஆக, புழுவைப் பார்த்ததும் என்ன செய்வது? முதலில் வளையம் உண்டா என்று பாருங்கள். உண்டென்றால் வளைதசைப் புழு. இல்லாமல் வழவழவென்று ரப்பர்போல நீண்டு சுருங்கினால் ரிப்பன் புழு. காகிதம்போலத் தட்டையாக வழுக்கிச் சென்றால் தட்டைப்புழு அல்லது ஏசோல். அடுத்து, அது எங்கே இருக்கிறது? குழாயிலா, மணலிலா, பவளத்தின் மேலேயா? பிறகு தலை. படமெடுப்பவர்கள் பெரும்பாலும் நடு உடலையே எடுக்கிறார்கள். அடையாளம் காண உதவுவதோ தலைதான். கொம்புகளின் எண்ணிக்கை, கண்கள், தாடை, கொண்டை எல்லாம் அங்கே இருக்கின்றன. சிவப்பு ஒளி பல புழுக்களை அவ்வளவாகக் கலைப்பதில்லை என்பதால், இரவில் சிவப்புத் தாள் சுற்றிய டார்ச் நல்லது. வெள்ளைக் கிண்ணத்தில் விட்டு, பக்கத்தில் அளவுகோல் வைத்து எடுத்த படம், தொட்டிக்குள் எடுத்த பத்துப் படங்களுக்குச் சமம்.

இப்படிப் பார்த்தால் குடும்பம் வரை போகலாம். இனம் வரை போவது வேறு கதை. முடியின் வடிவத்தை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். தாடையைப் பிரித்தெடுக்க வேண்டும். இப்போதெல்லாம் மரபணுவும் கேட்கிறார்கள். உலகெங்கும் இருப்பதாக எழுதப்பட்டுவந்த யூரித்தோ காம்பிளனாட்டாவை 2010இல் மரபணு வழியாகச் சோதித்தபோது, ஒரே பெயருக்குள் கண்ணால் பிரிக்க முடியாத ஒன்றுக்கு மேற்பட்ட இனங்கள் ஒளிந்திருந்தன. தொட்டிக்காரருக்கு அந்த அளவு துல்லியம் தேவையில்லை என்பதுதான் நல்ல செய்தி. எந்தக் குடும்பம், என்ன தின்கிறது என்ற இரண்டும் தெரிந்தால் முடிவெடுக்கலாம்.

இந்தப் புழுக்களை இயற்கையில் பார்க்க ஃபிஜிக்குப் போக வேண்டியதில்லை. பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றி சென்னை அருங்காட்சியகம், கிரேவ்லி கண்காணிப்பாளராக இருந்தபோது, 1927இல் தனி வெளியீடே கொண்டுவந்தது. அந்த அருங்காட்சியகத்தின் பாலிகீட் சேகரிப்பை பிரெஞ்சு அறிஞர் பியர் ஃபொவெல் ஆராய்ந்து 1930இல் எழுதினார். இந்தியப் பகுதியின் பாலிகீட்டுகளுக்கு இன்றும் புரட்டப்படும் அவருடைய பெருநூல் 1953இல் வந்தது. முதுகெலும்பிகளுக்கு மற்றப் புழுக்களைவிட நெருங்கிய உறவான பலனோகிளாசஸ் என்ற ஏகார்ன் புழுவுக்கும் அந்தத் தீவு பேர்போனது. பார்க்கலாம், எடுக்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கல் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. ஒரு காலத்தில் தூத்துக்குடிப் பகுதியில் சுண்ணாம்புக்காக வண்டி வண்டியாக வெட்டியெடுக்கப்பட்ட பவளக் கல்லில் இன்று தொட்டிக்காக ஒரு துண்டு எடுத்தாலும் குற்றம்.

எந்த நாட்டில் தொட்டி வைத்திருப்பவரானாலும் கடைசியாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவின் கீ வெஸ்ட் அருகே செயற்கைப் பவளத்திட்டுக்காக 2009இல் மூழ்கடிக்கப்பட்ட வாண்டன்பர்க் கப்பலில், அந்தக் கடலுக்கு உரியதல்லாத புதிய வெர்மெட்டிட் நத்தை ஒன்று பெருகியிருப்பதை 2017இல் அறிவித்தார்கள். அதன் நெருங்கிய உறவுகள் பசிபிக்கில் இருக்கின்றன. அந்நிய உயிர் ஒன்று புதுக் கடலில் காலூன்ற ஒரு கப்பல் போதும். ஒரு வாளித் தொட்டிநீரும் போதும். எனவே தொட்டியிலிருந்து எடுத்த புழுவையோ, பாறையையோ, பவளத் துண்டையோ கடலிலும் கழிமுகத்திலும் ஓடையிலும் விடாதீர்கள். புழுவை உறைபெட்டியில் வைத்து இறக்கச் செய்து குப்பையில் சேருங்கள். பாறையைப் பல வாரம் வெயிலில் காயவைத்தபின் தூக்கிப் போடுங்கள். கழிவுநீரை வீட்டுச் சாக்கடைக் குழாயில் மட்டும் ஊற்றுங்கள்.